யசீகரனின் அடைப்புக்குறிகள்

விக்கினம் தீர்க்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இந்த இரங்கல் கூட்டத்தில் மைக்கின் முன்னால் நிற்கிறேன். மேடையில் நடுநாற்காலியில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. திருநாவுக்கரசு அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அடுத்த பேச்சாளரின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் செயலாளர் திரு. மகேசன் அவர்களே! மாலை வாங்கி வந்த செயற்குழு உறுப்பினர்களே! முன்வரிசையில் இருக்கும் யசீகரனின் மனைவி கௌரி! அவள் தோளில் சாய்ந்திருக்கும் மகள், எங்கள் பிரணவி! லின்ஃபீல்டிலிருந்தும் ஒனிஹங்காவிலிருந்தும் இந்த மழையில் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் நின்று போன் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் தமயந்தி. லின்ஃபீல்டில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். எந்தப் பொறுப்பிலும் இல்லாதவள். யசீகரன் தம்பியோடு மூன்று குளிர்காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவள் என்பதால் கௌரி என்னைப் பேசச் சொன்னாள். சங்கம் சொல்லவில்லை. அதனால் சங்கத்துக்கு நான் நன்றி சொல்லப்போவதும் இல்லை.

எனக்கு முன்னால் பேசியவர்களை எல்லாம் கவனமாகக் கேட்டேன். யசீகரன் நல்லவர் என்றார்கள். பண்பாளர் என்றார்கள். எளிமையானவர் என்றார் ஒருவர். அவர் யசீகரனைச் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது! சங்கத்தின் தூண் என்றார் தலைவர். கடைசியில் ‘கணினிச் செம்மல்’ என்று ஒரு பட்டத்தையும் கொடுத்து, அந்தப் படத்துக்கு மேல் ஒரு பொன்னாடையும் போட்டாயிற்று.

ஒன்று கேட்கிறேன். அந்த மனிதர் என்ன செய்தார்? இத்தனை பேர் பேசினீர்களே, ஒருவராவது அதைச் சொன்னீர்களா? “கம்ப்யூட்டர்ல குழந்தைகளுக்காக ஏதோ பண்ணிட்டிருந்தாரு” என்றீர்கள். ஏதோ! மாலைக்கு என்ன பூ வைப்பது என்று ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு, அந்த ‘ஏதோ’ என்ன என்று ஒரு நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பட்டம் கொடுத்தீர்கள். உயிரோடிருந்தபோது இதே மண்டபத்தில் அவருக்கு நீங்கள் கொடுத்த பட்டம் என்ன? ‘குழப்பக்காரன்.’ அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்களா, அல்லது இரண்டும் சேர்த்துத்தானா?

அந்த ‘ஏதோ’வை நான் சொல்கிறேன். கம்ப்யூட்டரை வகுப்பில் போய்ப் படித்தவள் அல்ல நான். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். எனக்கே புரிந்தது உங்களுக்கும் புரியும். புரிய வேண்டும் என்று நினைத்தால்.

யசீகரன் டவுனில் ஓர் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை பார்த்தார். யாரோ எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். தொழில் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் சாம்பாரிலும் ஓட்டை கண்டுபிடிப்பார். “அக்கா, இதுக்குப் பேர் சாம்பாரோ? பருப்புத் தண்ணியில மரக்கறி நீந்துது” என்பார். “ஆமா, உங்க ஊர் சொதி மட்டும் என்னவாம், தேங்காய்ப்பால்ல மஞ்சள் குளிக்குது” என்பேன். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகக் கோபப்படுவார். விளையாட்டில் தோற்கப் பிடிக்காது. பிள்ளைகளோடு விளையாடும்போதுகூட மேசைக்கு அடியில் சீட்டை ஒளித்து வைப்பார். எளிமையானவராம்!

அவர் வீட்டில் ஒரு வலி இருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கிற பாதி வீடுகளில் இருக்கிற வலிதான். “பிரணவி, சாப்பிட்டிட்டியோ?” என்று அவர் கேட்பார். “யெஸ் அப்பா” என்று பதில் வரும். “என்ன சாப்பிட்டனீ?” “ரைஸ்.” அவ்வளவுதான். குழந்தைக்குத் தமிழ் விளங்குகிறது, வாய்க்குள்ளிருந்து வரவில்லை. நாமெல்லாம் இதற்கு என்ன செய்தோம்? சனிக்கிழமை தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, எதிரில் காப்பி குடிக்கப் போனோம். அவர் ஒரு விளையாட்டைச் செய்தார்.

அதற்குப் பெயர் ‘ஓடம்’. சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஓடம். இங்கே நம்மூர் பிளாக்ஹவுஸ் பே கரையிலிருந்து புறப்பட்டு, மனுக்காவ் துறைமுகத் தண்ணீரைக் கடந்து, ஒனிஹங்கா போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், ஒரு தமிழ்ச் சொல். பொறு. மறி. பகிர். திரும்பு. அந்தச் சொல் என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். செய்யத் தெரியாதவர் ஓடம் நடுத்தண்ணீரில் நிற்கும். “சங்க மண்டபத்தில் சீட்டாட்டமா?” என்று அன்று ஒருவர் பதறினாரே, நினைவிருக்கிறதா? அவரும் இங்கேதான் இருக்கிறார். ஐயா, என் வீட்டில் பூஜை அலமாரிக்கு எதிரிலிருக்கிற மேசையில்தான் விளையாடினோம். விளக்கேற்றிவிட்டு விளையாடினோம். பிள்ளையார் உங்களைப் போலப் பதறவில்லை.

இந்தச் சீட்டுகளை வடிவமைக்க ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார். அதில் ஒரு வசதி. சீட்டில் ‘பொறு’ என்று மட்டும் எழுதினால் போதும். நாம் முன்னமே எழுதி வைத்திருக்கிற பட்டியலில் அந்தச் சொல்லைத் தேடி எடுத்து, அதற்கான விளக்கத்தை அடைப்புக்குறிக்குள், சாய்ந்த சின்ன எழுத்தில், சொல்லுக்குக் கீழே தானாகவே வைத்துவிடும். இதைத்தான் குறிச்சொல்லை விரிப்பது என்பார்கள். பட்டியலில் ஓர் இடத்தில் விளக்கத்தைத் திருத்தினால், அந்தச் சொல் இருக்கிற எல்லாச் சீட்டும் அந்தக் கணமே மாறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வாயைப் பிளந்தேன். “என்னக்கா, சாமி கண்டமாதிரி நிக்கிறியள்?” என்றார்.

இதுவரைக்கும் சாஃப்ட்வேர் செய்தது. இனிமேல் யசீகரன் செய்தது.

அந்த வசதி விளக்கத்தை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும். இந்தச் சொல்லை இந்தச் சீட்டில் விரிக்கவா, வேண்டாமா? எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். சோம்பேறிகள் அப்படித்தான் போவார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களைப் பற்றிப் பிறகு பேசுவேன். யசீகரன் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சின்ன நிரல் எழுதினார். நான் வீட்டு வரவு செலவு எழுதுகிறவள். இந்த மாதம் வீட்டுக்கடன் வட்டி ஏறினால் இப்படி, ஏறாவிட்டால் அப்படி என்று எழுதிப் பழகிய எனக்கு அது படிக்கக் கஷ்டமாக இல்லை. இரண்டே இரண்டு விஷயத்தைத்தான் அது பார்க்கும். இந்தப் பிள்ளை விளையாட்டுக்குப் புதுசா, பழகியதா? இந்தப் பிள்ளையின் வீட்டில் எப்படிப் பேசுவார்கள்?

புதுப் பிள்ளைக்கான சீட்டுப் பெட்டியில் எல்லாச் சொல்லும் விரியும். கொஞ்சம் பழகிய பிள்ளையின் பெட்டியில் கடினமான சொல் மட்டும் விரியும். நன்றாகப் பழகிய பிள்ளைக்கு எதுவும் விரியாது. அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போகும். பிள்ளைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒருநாள் வெறும் சொல்லைப் பார்த்து விளையாடிக்கொண்டிருக்கும்!

இரண்டாவது விஷயம்தான் அவருடைய மூளை, அவருடைய மனம். விளக்கத்தை எந்தத் தமிழில் எழுதுவது? அவர் எங்கள் வீடுகளுக்கெல்லாம் போனார். சமையலறையில் நின்று கேட்டார். “அக்கா, உங்கட வீட்டில பிள்ளை துள்ளிக்கொண்டு நிண்டா என்ன சொல்லி நிப்பாட்டுவியள்?”

“டேய், கொஞ்ச நேரம் வாயை மூடிட்டுச் சும்மா இரு, அப்படின்னு சொல்லுவேன்.”

“வாயை மூடுறதை வெட்டிப்போட்டு மிச்சத்தை எடுக்கிறன்.”

அப்படி வந்தது ‘பொறு’வின் விளக்கம். என் வீட்டு மாதிரி வீட்டுக்கு: “இந்தத் தடவை சும்மா இரு. அடுத்த தடவை ரெண்டு சீட்டு எடுத்துக்கோ.” கௌரி வீட்டு மாதிரி வீட்டுக்கு: “இந்த முறை சும்மா இருங்கோ. அடுத்த முறை ரெண்டு சீட்டு எடுங்கோ.” சொல் ஒன்றுதான். சட்டமும் ஒன்றுதான். அடைப்புக்குறிக்குள் மட்டும் அவரவர் அம்மா பேசினாள். எழுதிய விளக்கத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை வாசித்தால் போச்சு, அன்றைக்கே திருத்துவார். “பிள்ளை பிழை விடேல்லை, நான்தான் பிழை விட்டிட்டன்” என்பார்.

பிரணவி, நீ அழாதே. நான் சொல்லப்போவதைக் கேள். ஒரு சனிக்கிழமை இந்தக் குழந்தை அவள் அப்பாவின் ஓடத்தை ‘மறி’ சீட்டுப் போட்டு நிறுத்தினாள். அவர் வழக்கம்போலக் கள்ளம் பண்ணி இன்னொரு சீட்டை இழுத்தார். இவள் எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அப்பா! கள்ளம் விடாதேங்கோ! இந்த முறை சும்மா இருங்கோ!” என்றாள். முழுசாக, தமிழில். அந்த மனிதர் சீட்டை அப்படியே கீழே போட்டுவிட்டார். கௌரி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். “என்ன சொன்னவள்? திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ!” “வாட்?” என்றாள் இவள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. யசீகரன் தோற்று நான் பார்த்த ஒரே ஆட்டம் அது. தோற்றதற்காக எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

சரி. இப்போது சங்கத்துக்கு வருவோம்.

அவர் இதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் வகுப்புக்கே கொடுக்கிறேன், அச்சடித்து எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்று தலைவரிடம் வந்து நின்றார். செயற்குழு கூடியது. நானும் போயிருந்தேன், வடை கொண்டுபோனவளாக. நீங்கள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. வடை கொண்டுவருகிறவர்களுக்குக் காது கிடையாது என்பது உங்கள் எண்ணம்.

முதலில் செயலாளர் தொடங்கினார். “‘தடவை’ எண்டு கிடக்கு. எங்கட பிள்ளையளுக்கு இது வழக்கமில்லையே.” தலைவர் விடுவாரா? “‘இருங்கோ’ன்னு அச்சடிச்சா நல்லாவா இருக்கு? நாளைக்குப் பொதுத் தமிழ் தெரியாதவங்கன்னு நம்மளச் சொல்ல மாட்டாங்களா?” யசீகரன் பொறுமையாகத்தான் சொன்னார். ஆமாம், அன்றைக்கு அவர் பொறுமையாக இருந்தார், நானே ஆச்சரியப்பட்டேன். “ஐயா, ரெண்டும் வேற வேற பெட்டி. உங்கட வீட்டுக்கு உங்கட பெட்டி, அவையின்ர வீட்டுக்கு அவையின்ர பெட்டி. நிரல் பார்த்துக்கொள்ளும். இதில சண்டைக்கு என்ன கிடக்கு?” அதற்குத் தலைவர் சொன்ன பதில்தான் இந்தச் சங்கத்தின் பொன்மொழி: “ரெண்டு பெட்டி வந்தா சங்கம் ரெண்டாயிடுச்சுன்னு பேசுவாங்க தம்பி.”

குழந்தைகள் பேசுவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ நம்மைப் பற்றிப் பேசிவிடுவார்களே என்பதுதான் கவலை!

அப்புறம் மூன்று கூட்டம். பிட்டும் தோசையும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ‘தடவை’யா ‘முறை’யா என்று மூன்று கூட்டம். குமாரசாமி ஐயா மலேசியாக்காரர், “எங்க வீட்டுல பேசுறதையும் போடலாமே” என்று ஆசையாகக் கேட்டார். “நீங்க வேற ஏன் சார்” என்று அவரை உட்கார வைத்தீர்கள். எழுத்துத் தமிழில் போடலாம் என்றார் ஒருவர். அந்த எழுத்துத் தமிழை யார் எழுதுவது என்பதில் மறுபடியும் அடிதடி. கடைசியில் இரண்டு பக்கமும் கைகுலுக்கினீர்கள். என்ன சமரசம்? உங்கள் விளக்கமும் வேண்டாம், எங்கள் விளக்கமும் வேண்டாம். விளக்கமே வேண்டாம்!

யசீகரனிடம் கோப்பு வாங்கினீர்கள், அச்சகத்துக்கு அனுப்ப என்று சொல்லி. அவர் அத்தனை அக்கறையாக எழுதிய நிரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சொல்லை வைத்தீர்கள். ‘இல்லை.’ எந்தப் பிள்ளைக்கும் இல்லை, எந்த வீட்டுக்கும் இல்லை. இந்த நகரத்துத் தமிழர்கள் இத்தனை வருடத்தில் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

விளக்கம் போன பிறகு சீட்டில் கீழ்ப்பாதி காலி. வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே எதைப் போட்டீர்கள்? சொல்லட்டுமா? உங்கள் படத்தைப் போட்டீர்கள். செயற்குழு முழுவதும், ஆளுக்கொரு சீட்டு, கோட்டும் சூட்டும் போட்டு. ‘பகிர்’ என்ற சொல்லுக்குக் கீழே பொருளாளர் சிரிக்கிறார். பகிர் என்றால் என்ன என்று அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு ஆறு வயதுக் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டும். பொருளாளரை இத்தனை காலம் பார்க்கிற எனக்கே அந்த முகத்தில் அது தெரிந்ததில்லை.

ஆண்டு விழாவன்று இதே மண்டபத்தில் மேசை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள். யசீகரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்தார். ஒரு சீட்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். காலியாயிருந்த கீழ்ப்பாதியைத் தேடிப் படங்களைப் பார்த்தார். விளக்கத்தை எடுத்துவிட்டதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிள்ளைகள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “வாட் டஸ் திஸ் டூ?” என்று ஒரு பையன் கேட்டான். “ஹூ இஸ் திஸ் அங்கிள்?” என்று இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் சீட்டு மேசையில் கிடந்தது, பிள்ளைகள் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். யசீகரன் மேசை மேசையாகப் போய், குனிந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாயால் விளக்கம் சொன்னார். அடைப்புக்குறிக்குள் இருந்ததை எல்லாம் வாயால் சொன்னார். எத்தனை மேசைக்குத்தான் ஒரு மனிதர் குனிய முடியும்?

அதற்கடுத்த கூட்டத்தில் நீங்கள் ஆண்டறிக்கை வாசித்தீர்கள். ‘சீட்டு விளையாட்டு முயற்சியில் பிள்ளைகள் ஆர்வம் காட்டவில்லை.’ யசீகரன் எழுந்தார். அன்றைக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. “ஆர்வம் இல்லாதது பிள்ளையளுக்கில்லை. நீங்கள் விளக்கத்தைப் பிடுங்கிப்போட்டு விளங்கேல்லை எண்டு அவையளைக் குற்றம் சொல்லுறியள். வெக்கமா இல்லையோ?” என்றார். அப்போதுதான் தலைவர் அந்தப் பழைய பட்டத்தைக் கொடுத்தார். குழப்பக்காரன். அன்றைக்கு இந்தப் படிகளில் இறங்கியவர் பிறகு இங்கே வரவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். படமாக.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் நடந்தது. ஐந்து பிள்ளைகள் வந்தார்கள், பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள். அவர் சிரிப்பதும் கள்ளம் பண்ணுவதும் திரும்ப வந்தது. போன மாதம் ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முருகா, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சற்று முன் இதே மைக்கில் தலைவர் அறிவித்தார். யசீகரன் நினைவாக ‘ஓடம்’ நினைவுப் பதிப்பு வெளிவருகிறதாம். ஒவ்வொரு சீட்டிலும் அவர் படமாம். அடைப்புக்குறி இல்லாத எளிய பதிப்பாம். அவருடைய மனைவி கோப்புகளையும் உரிமையையும் சங்கத்துக்கு மனமுவந்து அளிக்கிறாராம். நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்!

மனமுவந்து. யார் மனம்? கௌரியைக் கேட்டீர்களா? ‘கேட்டோம்’ என்று செயலாளர் தலையாட்டுகிறார். எப்போது கேட்டீர்கள் ஐயா? சாம்பல் வாங்கி வந்த அன்று, வாசலில் நின்றுகொண்டு, “தங்கச்சி, ஒண்டும் யோசியாதேயும், எல்லாத்தையும் நாங்கள் பாக்கிறம்” என்று சொன்னீர்கள். அவள் தலையசைத்தாள். அதுதான் உங்களுக்குச் சம்மதம். அந்த நாளில் அவளிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையசைத்திருப்பாள்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் இதைச் சொல்வதற்கு அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். “அக்கா, எனக்கு விருப்பமில்லை. ஆனா செத்த வீட்டுக்குச் சாப்பாடு தந்தது அவையள்தான். ஆக்களைக் கூட்டினதும் அவையள். நாளைக்குப் பிரணவியை எந்த வகுப்புக்கு அனுப்பிறது? அவையளோட பகைச்சுக்கொண்டு நான் தனிய இந்த ஊரில எப்பிடி இருக்கிறது?” என்று கேட்டாள்.

அன்பர்களே, இதுதான் இன்றைக்கு இங்கே இருக்கிற கேள்வி. ஒரு பெண் தன் கணவனின் வேலையைக் காப்பாற்றினால், அவளுக்கு இந்த ஊரில் மனிதர்கள் இருப்பார்களா, இருக்க மாட்டார்களா? நான்கு நாள் சோறு கொடுத்தோம், அதனால் அவர் எழுதியது எங்களுக்கு. இப்படி ஒரு வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது தருமம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் போய்ச் சொல்லிப் பாருங்கள், போட்ட அன்னதானத்துக்குப் பதில் வேண்டும் என்று.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். பாருங்கள். முடிக்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வாங்காமல் இறங்க மாட்டேன். கௌரி, இவ்வளவு பேர் முன்னால் கேட்கிறேன், மன்னித்துக்கொள். தனியாகக் கேட்டால் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கொடுக்கிறாயா? கொடுக்கிறேன் என்றாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன்னுடையது.

எழுந்திருக்கிறாள். கொஞ்சம் அமைதியாக இருங்கள். மைக் வேண்டாமாம்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன், அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். “நான் குடுக்கேல்லை. அவர் எழுதினதை எடுத்துப்போட்டு அவரின்ர முகத்தைப் போட வேண்டாம்.”

நன்றி, கௌரி. உட்கார்.

தலைவர் அவர்களே, கேட்டீர்கள். நினைவுப் பதிப்பு இல்லை. உங்களுக்குச் சீட்டில் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் படத்தைப் போட்டு ஒரு கட்டு அடித்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்குழுக் கூட்டத்தில் நீங்களே விளையாடலாம். விளக்கம் தேவைப்படாது, அங்கே யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

கௌரி கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். உன்னோடு யார் இருப்பார்கள் என்று கேட்டாய். என் வீட்டுக் கதவு இருக்கிறது, சனிக்கிழமை மேசை இருக்கிறது. பிரணவிக்கு அங்கே வகுப்பு. இந்த வாரமே குமாரசாமி ஐயா வீட்டுப் பேச்சை மூன்றாவது பெட்டியாகச் சேர்க்கப்போகிறேன். ஐயா, உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளையைத் திட்டுகிற மாதிரி அவர் திட்ட வேண்டும், நான் எழுதிக்கொள்கிறேன். பட்டியலில் ஒரு வரிசை சேர்க்க வேண்டும், நிரலில் ஒரு வீட்டைச் சேர்க்க வேண்டும். அவர் அதற்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஒரு வீட்டை உள்ளே விட்டால் இன்னொரு வீடு உடைந்துபோகும் என்கிற மாதிரி எழுதவில்லை. பிழை வரும், எனக்குத் தெரியும். இரண்டாம் முறை வாசிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் திருத்துவேன். இது நான் கும்பிடுகிற தெய்வத்தின் மேல் ஆணை. வேறு யார் வருகிறீர்கள்?

கை தூக்குகிறீர்கள். ஒன்று, இரண்டு... அங்கே தூணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். பார், கௌரி. திரும்பிப் பார்.

கடைசியாக, இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். யசீகரனுக்கு மௌனமா? அந்த மனிதர் வாழ்நாளில் இரண்டு நிமிடம் வாயை மூடி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் மேசையில் ஆண்டு விழாவன்று இருந்த மௌனமே அவருக்குப் போதும், அதை நாம் இன்னொரு முறை செய்ய வேண்டாம். எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடி, பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் திரும்புங்கள். ஒரு தமிழ்ச் சொல்லை எடுங்கள். அதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லி விளங்க வையுங்கள். ஆங்கிலம் வேண்டாம். அவர் பெயரால் இரண்டு நிமிடம், இந்த மண்டபம் முழுக்கச் சத்தமாக இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும், அதுதான் முறை. உங்கள் பேத்தி மஹதி மேடைப் படியில் உங்கள் காலடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லை நான் எடுத்துத் தருகிறேன். ‘ஓடம்’ பெட்டியில் இருக்கிற சொல்தான், நீங்கள் அச்சடித்த சீட்டில் உங்கள் படத்துக்கு மேலேயே இருந்த சொல். விட்டுக்கொடு.

சொல்லுங்கள் ஐயா. குழந்தை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.